சாவி கொடுத்த கை

இரண்டு உயிர்கள் போயின. முந்நூறு சொற்களில் ஒரு கட்டுரை எழுதி வா என்றார்கள்!

கதையல்ல, தோழர்களே. மகாராஷ்டிர மாநிலத்துப் புனே நகரில், 2024-ஆம் ஆண்டு மே திங்கள் 19-ஆம் நாள் நள்ளிரவு கழிந்த வேளையில் நடந்தது. கல்யாணி நகர் என்ற பகுதியிலே மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்த இரண்டு இளம் பொறியாளர்களை ஒரு கார் பின்னாலிருந்து வந்து மோதிற்று. ஓர் ஆண், ஒரு பெண். இருவருக்கும் வயது 24. இருவரும் மத்தியப் பிரதேசத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். மோதிய கார் சாதாரணக் கார் அல்ல. போர்ஷே டைகான் என்னும் சீமான் வண்டி. சுமார் இரண்டரைக் கோடி ரூபாய் விலை என்று ஏடுகள் எழுதின. மணிக்கு 160 கிலோமீட்டர் அளவு வேகத்தில் அது வந்தது என்று காவல்துறை கூறிற்று. ஓட்டியவனுக்கு வயது 17. லைசென்ஸ் இல்லை, இருக்கவும் முடியாது. மதுக்கடைகளில் குடித்துவிட்டு வந்தான் என்பது வழக்கு. அந்த மாநிலத்திலே மது அருந்தச் சட்டம் வைத்திருக்கும் வயதோ 25!

செல்வர் வீட்டுப் பிள்ளை. அன்றைய தினமே சிறார் நீதிக் குழுமம் அவனுக்கு ஜாமீன் தந்தது. நிபந்தனை என்ன? சாலை விபத்துகள் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். 15 நாள் போக்குவரத்துக் காவலரோடு சேர்ந்து பணிபுரிய வேண்டும். நாடு கொதித்தது. கொதித்த பிறகுதான் ஆணை திருத்தப்பட்டது. சிறுவன் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ஜாமீன் தந்துவிட்டுப் பிறகு அடைத்து வைப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று சொல்லி, 2024 ஜூன் 25-இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அவனை விடுவித்தது. வயது வந்தவனாகக் கருதி விசாரிக்க வேண்டும் என்று காவல்துறை கேட்டதை 2025 ஜூலையில் சிறார் நீதிக் குழுமம் மறுத்தது.

இதற்கிடையே வெளிவந்த செய்திகள் இன்னும் கேவலமானவை. சிறுவனின் இரத்தத்தை மருத்துவமனையிலேயே மாற்றி வைத்துவிட்டார்கள் என்று வழக்கு. அதற்காக அரசு மருத்துவமனை டாக்டர்கள் இருவர் கைதானார்கள். பெற்ற தாயும் கைதானாள். குடும்பத்தின் கார் டிரைவரை மடக்கி அடைத்து வைத்து, "வண்டியை நான்தான் ஓட்டினேன் என்று சொல்" என வற்புறுத்தினார்கள் என்று இன்னொரு வழக்கு. அதிலே தந்தையும் பாட்டனாரும் கைதானார்கள். இவை நீதிமன்றத்திலே மெய்ப்பிக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டுகள். தீர்ப்பு நம்முடையதல்ல. ஆனால் அந்த டிரைவரை எண்ணிப் பாருங்கள். கூலிக்கு வண்டி ஓட்டும் ஒரு தொழிலாளி. எசமான் வீட்டுப் பிள்ளை செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு அவன் சிறைக்குப் போகட்டும் என்று எண்ணத் துணிந்தவர்கள் இந்த நாட்டில் உண்டு என்பதுதானே அந்த வழக்கின் சாரம்!

புனே எங்கே, ஆரணி எங்கே என்று கேட்கும் தோழர் இருக்கலாம். கமண்டல நாகநதிக் கரையிலே தறிச் சத்தத்தோடு விடியும் ஊருக்கு இரண்டரைக் கோடி ரூபாய்க் காரைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். கவலை உண்டு என்கிறோம் நாம். ஏன் என்பதைச் சொல்கிறோம்.

தெருவும் நம் தொழிற்கூடம்

ஆரணி ஊருக்குள் ரயில் நிலையம் கிடையாது. ஆரணி ரோடு என்று பெயர் தாங்கிய நிலையம் களம்பூரில் இருக்கிறது. ஆகவே வேலூருக்கோ, ஆற்காட்டுக்கோ, போளூருக்கோ, செய்யாற்றுக்கோ எங்கே போவதானாலும் நமக்குச் சாலைதான் கதி. பட்டு வருவதும் சாலை வழி. நெய்த புடவை போவதும் சாலை வழி. நெல் மூட்டை வருவதும் அரிசி மூட்டை போவதும் சாலை வழி. பள்ளிப் பிள்ளைகள் நடப்பதும் அதே சாலை.

அது மட்டுமா? நெசவாளிக்குத் தெரு என்பது நடக்கிற இடம் மாத்திரம் அல்ல. வேலை செய்கிற இடம். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டி, இழை இழையாகப் பார்த்துச் சரி செய்வது நெசவாளர் ஊர்களின் வழக்கம். வீட்டிலே அவ்வளவு நீளத்துக்கு இடம் ஏது? கணவன் ஒரு முனை, மனைவி மறு முனை, பிள்ளைகள் நடுவிலே. தெருதான் அந்தக் குடும்பத்தின் தொழிற்கூடம்.

இன்னொன்றும் சொல்லுவோம். குழித்தறியில் உட்காருகிறவனுக்குக் கை எவ்வளவு முக்கியமோ, கால் அவ்வளவு முக்கியம். நாடாவைக் கை செலுத்துகிறது. பாவைப் பிரித்துக் கொடுப்பது மிதியை மிதிக்கிற கால். ஒரு கால் முறிந்த குமாஸ்தா மூன்று மாதம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதலாம். ஒரு கால் போன நெசவாளி எந்தத் தறியில் உட்காருவான்? அவனுக்கு அது காயமல்ல, தொழிலின் முடிவு. கடன் வாங்கிப் போட்ட தறி நிற்கும். கடன் மட்டும் நிற்காது, வளரும்.

அதனால்தான் நமக்குக் கவலை. பெரிய கார் பெரிய நகரத்தில் மட்டும் ஓடுவதில்லை. பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே, திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் இடையே ஓடும் வண்டிகளுக்கு நம் வட்டாரத்துச் சாலைகள் குறுக்கு வழி. இரண்டரைக் கோடிக் கார் வராவிட்டாலும், பதினைந்து இலட்ச ரூபாய்க் கார் வருகிறது. அதுவும் நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடியதுதான். கார் இல்லாத வீட்டிலே மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதன் மீதும் மீசை முளைக்காத பிள்ளை ஏறுகிறான்.

வேகத்தின் கணக்கு

வேகம் என்பது என்ன? நமக்குத் தெரிந்த அளவுகோலால் அளந்து பார்ப்போம். ஒரு புடவையின் நீளம் ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கும். அதாவது இரண்டு புடவை நீளம். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வருவதோ ஒரு விநாடியில் 44 மீட்டர். எட்டுப் புடவை நீளம்! குறுக்கே ஒரு குழந்தை வந்ததைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்கவே ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடிக்குள் எட்டுப் புடவை நீளம் போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் பிரேக்கே வேலை செய்யத் தொடங்கும்.

அதோடு முடிந்ததா? வேகம் இரட்டிப்பானால் மோதும் ஆற்றல் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் நான்கு மடங்கானால் ஆற்றல் பதினாறு மடங்கு. பிரேக்கை மிதித்த பிறகு வண்டி நிற்கத் தேவையான தூரமும் அவ்வாறே பதினாறு மடங்கு. இது பள்ளிக்கூடத்துப் பௌதிகப் பாடம். பதினேழு வயதுப் பிள்ளை தேர்விலே இதை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்குவான். ஆனால் காரிலே ஏறி உட்கார்ந்ததும் அந்தக் கணக்கு அவன் மூளைக்கு எட்டுவதில்லை. கால்தான் பேசுகிறது.

புனேயில் மோதிய வகைக் கார் மின்சாரத்தால் ஓடுவது. இரண்டு டன்னுக்கு மேல் கனம். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆறு விநாடிகூட வேண்டாம். பழைய அம்பாசடர் காரிலே அந்த வேகத்தை எட்டுவதற்குள் ஓட்டுகிறவனுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. வண்டியே முனகி எச்சரித்தது. இன்றைய வண்டி முனகுவதில்லை. கால் கட்டைவிரலின் அழுத்தத்துக்கே பறக்கிறது. கருவியின் வலிமை பெருகிற்று. அதைக் கையாளும் பிள்ளையின் பக்குவம் பெருகவில்லை. கேடு அங்கே இருக்கிறது.

இளமை கெட்டது என்று நாம் சொல்லவில்லை. இளைஞன் துணிந்தவன், துணிவில்லாமல் எந்த இயக்கமும் வளர்ந்ததில்லை. ஆனால் ஆபத்தை எடைபோடும் பக்குவம் துணிவுக்குப் பின்னால்தான் வருகிறது. தனியாகப் போகும்போது ஒழுங்காக ஓட்டுகிற பிள்ளை, கூட்டாளிகள் மூன்று பேர் ஏறிக்கொண்டால் வேறு பிள்ளையாகிவிடுகிறான். அமெரிக்காவில் ஆராய்ந்து பார்த்தவர்கள், 16, 17 வயது ஓட்டுநரின் வண்டியில் அதே வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கூடக் கூட உயிராபத்தும் கூடுகிறது என்று கண்டார்கள். ஆராய்ச்சி இல்லாமலே நம் ஊர்ப் பாட்டிக்கும் தெரிந்த உண்மைதான் அது.

யார் சாகிறார்கள்?

மத்திய அரசின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள். மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. மாண்டவர் தொகையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் நமக்கு: 17,884 பேர். பெருமைப்படக்கூடிய இடங்களா இவை?

அந்த 1,68,491 பேரில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர். கால்நடையாகப் போனவர்கள் 32,825 பேர். இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு 64 பேர். கார், டாக்ஸி, வேன் ஆகியவற்றுக்குள் இருந்து மாண்டவர்களோ நூற்றுக்கு 12.5 பேர் மட்டுமே. மாண்டவர்களில் நூற்றுக்கு எழுபத்தொரு பேர் அளவுக்கு மிஞ்சிய வேகத்தால் மாண்டார்கள் என்பதும் அதே கணக்கு.

இதன் பொருள் என்ன? காருக்குள் இருப்பவனைக் காக்க இரும்புக் கூண்டு இருக்கிறது, காற்றுப் பை இருக்கிறது, பெல்ட் இருக்கிறது. வெளியே இருப்பவனைக் காக்க என்ன இருக்கிறது? அவன் தோலும் எலும்பும்தான். வேகத்தின் இன்பம் உள்ளே இருப்பவனுக்கு. வேகத்தின் விலை வெளியே இருப்பவனுக்கு. இலாபம் ஒருவனுக்கு, நட்டம் இன்னொருவனுக்கு என்பது நம்மவர்க்குப் புதிய கணக்கல்லவே!

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 18 வயது நிரம்பாதவன் பொதுச் சாலையில் மோட்டார் வாகனம் ஓட்டக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் 16 வயதில் அனுமதி உண்டு. அந்த அளவுள்ள வண்டியைக் கடைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

2019-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி 199-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதை ஒவ்வொரு தோழரும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது காப்பாளர், வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை. 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு இரத்து. அந்தச் சிறுவனுக்கு 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான்" என்று சொன்னால் மட்டும் போதாது. தெரியாது என்பதையோ, தடுக்க முயன்றதையோ மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது.

சரியான சட்டம் என்போம். ஏனெனில் அது குற்றத்தின் வேரைப் பிடிக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளை இரண்டரைக் கோடி ரூபாய்க்குக் கார் வாங்க மாட்டான். சாவி ஒரு பெரியவர் கையிலிருந்துதான் அவன் கைக்குப் போகிறது. சாவி கொடுத்த கைதான் முதல் கை.

ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? நம் ஊரிலே ஒரு நெசவாளியின் மகன் பழைய மொபெட்டில் மாட்டிக்கொண்டால் அபராதச் சீட்டு அன்றே கிழிக்கப்படுகிறது. சீமான் வீட்டு மகன் மாட்டினால் முதலில் தொலைபேசி மணி அடிக்கிறது. பிறகுதான் சீட்டுப் புத்தகம் திறக்கப்படுகிறது, அதுவும் திறக்கப்பட்டால்! சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று அரசியல் சட்டம் 14-ஆம் பிரிவில் எழுதியிருக்கிறது. சாலையிலே அந்தப் பிரிவு எப்போது நடமாடும் என்பதே நம் கேள்வி.

தூக்கு வேண்டும் என்கிறோமா?

"அப்படியானால் பதினேழு வயதுப் பிள்ளைகளையும் பெரியவர்களைப் போலவே சிறையில் தள்ள வேண்டும், சிறார் சட்டத்தைத் தூக்கி எறிய வேண்டும்" என்று ஆத்திரத்தில் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 16 வயதுக்கு மேற்பட்ட சிறுவனை மிகக் கொடிய குற்றத்துக்கு மட்டுமே பெரியவனைப் போல் விசாரிக்க இடம் தருகிறது. குறைந்த அளவே ஏழாண்டுத் தண்டனை என்று சட்டம் வகுத்துள்ள குற்றம்தான் அந்த வகை. 2016 ஏப்ரலில் டெல்லியில் 18 வயது நிரம்பச் சில நாளே இருந்த ஒரு பிள்ளை ஓட்டிய மெர்சிடிஸ் கார் 32 வயது மனிதர் ஒருவரைக் கொன்றது. அந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இந்தக் குற்றத்துக்குச் சட்டம் குறைந்த அளவுத் தண்டனை எதையும் வகுக்கவில்லை. ஆகவே அது அந்த வகையில் சேராது. பிள்ளையைச் சிறுவனாகவே விசாரிக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 9-இல் தீர்ப்பாயிற்று.

கசப்பாகத்தான் இருக்கிறது. ஆயினும் சிந்தியுங்கள். சிறார் சட்டத்தை இன்று தூக்கி எறிந்தால் நாளை அதன் கீழ் நசுங்குபவர் யார்? கூர்நோக்கு இல்லங்களிலே இருப்பவர்கள் பெரும்பாலும் சீமான் வீட்டுப் பிள்ளைகளா? கூலிக்காரன் பிள்ளைகள்; வக்கீல் வைக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். ஒரு பணக்காரப் பிள்ளை நழுவினான் என்பதற்காக ஆயிரம் ஏழைப் பிள்ளைகளின் குடையைப் பிடுங்கிக்கொள்ளலாமா? குடை இருக்கட்டும். அந்தக் குடையின் நிழலிலே பெரியவர்கள் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதே நம் வழக்கு. சிறுவனைத் திருத்துங்கள், சாவி கொடுத்தவரைத் தண்டியுங்கள், குடிக்க ஊற்றிக் கொடுத்தவரைத் தண்டியுங்கள், சாட்சியத்தை விலைக்கு வாங்கினார் என்று மெய்ப்பிக்கப்பட்டால் அவரை இரட்டிப்பாகத் தண்டியுங்கள்.

செல்வம் நீதியை வளைப்பது இந்த நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 2013 ஜூன் திங்களில் 16 வயதுப் பையன் ஒருவன் குடித்துவிட்டுத் தந்தையின் கம்பெனிக்குச் சொந்தமான பெரிய வண்டியை ஓட்டி நான்கு பேரைக் கொன்றான். செல்வச் செழிப்பிலே வளர்ந்ததால் நன்மை தீமை அறியாதவன் ஆகிவிட்டான் என்று அவன் தரப்பில் மனவியல் நிபுணர் சாட்சி சொன்னார்! சிறை இல்லை, பத்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு என்று தீர்ப்பு. 2015-இல் அவன் மெக்சிகோ நாட்டுக்கு ஓடிப் பிடிபட்ட பிறகுதான் 720 நாள் சிறை வந்தது. வறுமையிலே வளர்ந்ததால் நன்மை தீமை அறியவில்லை என்று ஓர் ஏழைப் பிள்ளைக்காக எந்த நிபுணர் எங்கே இப்படிச் சாட்சி சொல்லி வென்றார்?

பிற நாடுகள் காட்டும் வழி

குறை கூறுவது எளிது. வழி என்ன என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது, பிற நாடுகள் நடந்து காட்டிய வழி.

நியூசிலாந்து 1987-லேயே படிப்படியான லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. இளம் ஓட்டுநருக்கு முதலில் பக்கத்தில் அனுபவசாலி இருக்க வேண்டும். பிறகு தனியே ஓட்டலாம், ஆனால் இரவு வேளையில் தனியே கூடாது, கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. கட்டுப்பாடுகளோடு காலம் கழித்துத் தேறிய பிறகுதான் முழு லைசென்ஸ். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் புதிதாக லைசென்ஸ் பெற்ற இளைஞன் நினைத்த காரையெல்லாம் ஓட்ட முடியாது. காரின் கனத்தில் ஒரு டன்னுக்கு 130 கிலோவாட் என்ற அளவைத் தாண்டிய வலிமை இருந்தால் அந்த வண்டி அவனுக்கு விலக்கு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2024 டிசம்பர் முதல் மிக வலிமை வாய்ந்த கார்களை ஓட்டத் தனி அனுமதியே பெற வேண்டும்.

இந்தியாவில் நிலை என்ன? இலகு ரக வாகனத்துக்கு லைசென்ஸ் வாங்கினால், 18 வயது நிரம்பியவன் சிறிய காரையும் ஓட்டலாம், போர்ஷேயையும் ஓட்டலாம். சட்டம் வண்டியின் எடையைப் பார்க்கிறது. எஞ்சினின் வலிமையைப் பார்ப்பதில்லை. பட்டாசு விற்கத் தனி உரிமம், துப்பாக்கி வைத்திருக்கத் தனி உரிமம். ஆறு விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகம் எட்டும் இரண்டு டன் இரும்புக்குத் தனி உரிமம் வேண்டாமாம்! இந்தச் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்தில் இருக்கிறது. ஆரணியின் பெயரால் ஒரு நாடாளுமன்றத் தொகுதியே இருக்கிறது. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்கத் தோழர்கள் தயங்க வேண்டாம்.

நம் வீட்டுத் திண்ணையிலும்

பிறரைக் கேட்பதற்கு முன்னே நம் வீட்டையும் பார்த்தாக வேண்டும். காரைப் பற்றிப் பேசிவிட்டு, திண்ணையோரம் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது நேர்மையல்ல.

தந்தை தறியிலே இருக்கிறார். தவணையில் வாங்கிய வண்டி வாசலிலே நிற்கிறது. "கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய் வா, கடையிலே ஜரிகை வாங்கி வா" என்று பதினைந்து வயது மகனிடம் சாவி போகிறது. வேலை முடிகிறது என்ற எண்ணம்; மகன் பொறுப்பாகி விட்டான் என்ற மகிழ்ச்சி. 199-ஏ பிரிவு போர்ஷேக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. அந்தத் தந்தைக்கும் அதே மூன்றாண்டு, அதே 25,000 ரூபாய். 25,000 ரூபாய் என்றால் எத்தனை புடவைக் கூலி என்று நெய்கிறவருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சீமானுக்கு அது ஒரு மாலை விருந்தின் செலவு; நமக்கு ஒரு தறியின் மூச்சு.

இயக்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தலைவர் வருகிறார் என்றால் மோட்டார் சைக்கிள் ஊர்வலம். வெற்றி என்றால் கார் ஊர்வலம். எந்தக் கட்சிக் கொடி பறந்தாலும் சரி, அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருக்கக் கூடாது. வாக்களிக்க வயது வராதவனை வண்டியோட்டி ஆக்குவது தொண்டு அல்ல. ஊர்வலம் நடத்துகிற கிளைச் செயலாளர் புறப்படும் இடத்திலேயே நின்று, வயது வராதவனை இறக்கி நடக்கச் சொல்ல வேண்டும். நடப்பதில் இழிவில்லை, நாட்டின் பெரிய ஊர்வலங்கள் எல்லாம் நடந்து போனவைதான். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு அரசு மிதிவண்டி தருகிறதே, அந்த வயதுக்கு ஏற்ற வண்டி அதுவே.

நடந்துவிட்டால்?

எவ்வளவு காத்தாலும் விபத்து நடந்துவிடலாம். அப்போது தொழிலாளி வீட்டார் ஏமாறக் கூடாது. சில செய்திகளைச் சொல்லி வைக்கிறோம்.

அடிபட்டவரைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்ப்பவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பெயர் சொல்லும்படியோ சாட்சி சொல்லும்படியோ அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தின்படி, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆகவே "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்காமல் முதலில் தூக்குங்கள்.

மோதியவன் சிறுவன், லைசென்ஸ் இல்லாதவன். ஆகவே இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர் வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி ஆணையிடலாம் என்று உச்சநீதிமன்றம் 2004-லேயே வழி காட்டியிருக்கிறது. மோதிவிட்டு ஓடிய வண்டி இன்னதென்றே தெரியாவிட்டாலும், மரணத்துக்கு 2 இலட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு உண்டு; இது 2022 ஏப்ரல் முதல் நடைமுறை.

கால் போன நெசவாளிக்கு இழப்பைக் கணக்கிடும்போது, டாக்டர் எழுதிய சதவீதத்தை மட்டும் பார்க்கக் கூடாது. அந்த ஊனம் அவர் செய்யும் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என 2010-இல் உச்சநீதிமன்றம் விளக்கியது. ஆகவே கூலிச் சீட்டையும் சங்கப் புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். அவையே உங்கள் வருமானத்தின் சாட்சி. விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது, நாள் கடத்தாதீர்கள். "ஐம்பதாயிரம் தருகிறோம், வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடு" என்று இரவிலே வீடு தேடி வருகிற தரகருக்குக் கதவைத் திறக்காதீர்கள்.

நாம் கேட்பது

முடிவாக, நாம் கேட்பவை நான்கு. புதிதாக லைசென்ஸ் பெறும் இளைஞருக்கு வண்டியின் வலிமையில் வரம்பு கட்டிச் சட்டம் திருத்தப்பட வேண்டும். 199-ஏ பிரிவு மொபெட் வீட்டுக்கும் மாளிகை வீட்டுக்கும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். பள்ளிகளின் முன்னும் நெசவாளர் தெருக்களின் நுழைவிலும் வேகத் தடையும் எச்சரிக்கைப் பலகையும் வைக்க நகராட்சி முன்வர வேண்டும். வயது வராத பிள்ளையிடம் சாவி கொடுப்பதில்லை என்று ஒவ்வொரு வீடும், முதலில் தோழர்களின் வீடும், உறுதி கொள்ள வேண்டும்.

புனேயில் மாண்ட இருவரும் படித்து முன்னேறிய பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்கள் கேட்டது பழி அல்ல; நீதி. அந்த நீதி நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. அடுத்த சாவு நடக்காமல் தடுப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. இன்றிரவு தறியை விட்டு எழுந்ததும், வண்டிச் சாவி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள், தோழர்களே. பிள்ளையின் கைக்கு எட்டும் ஆணியில் தொங்கினால், அதை எடுத்து உங்கள் மடியிலே செருகிக்கொள்ளுங்கள்.